தவளையும் நானும் ஒரே கணக்கில்: குறட்டைச் செயலியோடு 14 மாதம்

முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்குவது எனக்கு மருந்து மாதிரி. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குச் சாமான் ஏற்றி ஓடுகிறேன். காலை ஏழு மணிக்கே கண் சொருகும். எதையாவது கொறித்தால்தான் மாங்குளம் தாண்டலாம்.

இரவு எட்டு மணித்தியாலம் படுக்கிறவனுக்கு என்ன நித்திரை என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். மனைவி வேறு கதை சொன்னா: “நீங்கள் குறட்டை விடுறது பிரச்சினை இல்லை. இடையில அது நிண்டு போகுது. அதுதான் பயமாக் கிடக்கு.” நான் நம்பவில்லை. போன வருசம் ஆவணியில் மகள் என் போனில் இந்தச் செயலியைப் போட்டுத் தந்தாள்.

போனைச் சார்ஜில் போட்டு, தலைமாட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும். சத்தத்தைப் பதிந்து காலையில் கோடு கீறி, குறட்டை எவ்வளவு என்று பரீட்சை மார்க் மாதிரி ஒரு புள்ளியும் போடும். டேட்டா தேவையில்லை.

அந்தப் புள்ளியை மாரி வரைக்கும்தான் நம்பினேன். மழை விட்ட இரவுகளில் வயல் தவளைகள் கத்தியதெல்லாம் என் குறட்டையாக ஏறியது. மனைவியின் குறட்டையும் என் கணக்கில்தான். (அவ இதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.) ‘ஆழ்ந்த நித்திரை’ என்று காட்டுவது இன்னும் மோசம். ஒருநாள் தூரத்தில் யானை வெடி கேட்டு விடியும்வரை முழித்துக் கிடந்தேன். ஆழ்ந்த நித்திரை இரண்டு மணித்தியாலம் என்றது. நித்திரையின் படிகளைச் சரியாகப் பிரிக்க மூளையின் மின்னலைகளைப் பார்க்க வேண்டும். போனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

ஆனால் முழு இரவையும் பதியும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்ட அன்றுதான் மனைவி சொன்னது விளங்கியது. குறட்டை, குறட்டை, பிறகு ஒரு சத்தமும் இல்லை. எண்ணிப் பார்த்தேன், 23 வினாடி. பிறகு குளத்துக்குள் அமிழ்ந்தவன் தலை தூக்குவது போல ஓர் இழுப்பு. 10 வினாடி நின்றாலே மூச்சுத் தடையாக எண்ணுவார்களாம்.

கிளினிக்கில் டொக்டர் புள்ளியைப் பார்க்கவே இல்லை. ஒலியை அரை நிமிசம் கேட்டார். கழுத்தை அளந்தார்: 42 சென்ரிமீற்றர். 40க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும் என்றார். பிறசர், வயது, பகல் களைப்பு என்று எட்டு விசயம் பார்த்துவிட்டு, இரவுப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். அங்கே தலை, மூக்கு, நெஞ்சு, விரல் எல்லாம் வயர். முடிவு, மணித்தியாலத்துக்கு 22 தடவை மூச்சுத் தடைப்படுகிறது. 15 முதல் 30 வரை நடுத்தரம். இந்த எண்ணை என் போன் ஒருநாளும் சொன்னதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குவதை ஒலிவாங்கியால் அளக்க முடியாதே.

2024இல் சாம்சுங், ஆப்பிள் கைக்கடிகாரங்களில் நித்திரையில் மூச்சுத் தடைப்படுவதைக் கவனிக்கும் வசதிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவையும் ‘இருக்கலாம்’ என்று எச்சரிப்பவைதான், நோயை உறுதிசெய்ய மாட்டா. விலையைக் கேட்டுவிட்டு மகளைப் பார்த்தேன். அவள் கதையை மாற்றிவிட்டாள்.

செயலியைப் போடுகிறவர்கள் மழையில்லாத இரவாகப் பார்த்துப் பதிந்து, காதால் கேளுங்கள். புள்ளி குறைவாக வந்ததென்று கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது காற்றுத் தள்ளும் முகமூடியோடு படுக்கிறேன். கரண்ட் போனால் அது நின்றுவிடும். அந்த இரவுகளில் மட்டும் செயலியைப் போட்டுவிட்டுச் சரிந்து படுக்கிறேன். மல்லாந்து படுத்த பழைய பதிவுகளோடு வைத்துக் கேட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.