விண்டோஸ் 365 லிங்க்: பெட்டி விலையைவிட வாடகையைப் பாருங்கள்

349 டாலர் என்றதும் மலிவாகத்தான் தோன்றும். 2025 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த, மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 365 லிங்க் என்ற சிறு கணினிப் பெட்டியில் 8 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, இரண்டு 4கே திரைக்கான இணைப்பு, கிகாபிட் ஈதர்நெட், வைஃபை 6இ எல்லாம் உண்டு. மின்விசிறி இல்லை, அதனால் சத்தமும் இல்லை. ஆனால் இதில் ஒரு மென்பொருளைக்கூட நிறுவ முடியாது. லாகின் செய்தவுடன் தரவு மையத்தில் ஓடும் உங்கள் கிளவுட் பிசி திறக்கும், அவ்வளவுதான். அந்த கிளவுட் பிசிக்கு மாதாமாதம் கட்டும் வாடகைதான் உண்மையான செலவு.

பெட்டி அறிமுகமானபோது இருந்த அமெரிக்க விலையை எடுத்துக்கொள்வோம். 2 விசிபியு (கிளவுட் பிசிக்கு ஒதுக்கும் மெய்நிகர் பிராசசர்), 8 ஜிபி ராம், 128 ஜிபி டிஸ்க் உள்ள, நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் திட்டம் மாதம் 41 டாலர். 36 மாதத்துக்கு 1,476, பெட்டியோடு சேர்த்து 1,825. விண்டோஸ் எண்டர்பிரைஸ், இன்டியூன் (கணினிகளை நிர்வகிக்கும் சேவை), என்ட்ரா ஐடி பி1 (லாகின் கணக்குகளுக்கான சேவை) உரிமங்கள் இதில் அடங்காது, அவை தனி. 31 டாலர் திட்டத்தில் 4 ஜிபி ராம்தான். டீம்ஸ் அழைப்பில் இருந்தபடி குரோமில் பத்து டேப் திறந்தால் திணறிவிடும், அதை எடுக்கவே வேண்டாம். டிஸ்க்கைப் பிறகு பெரிதாக்கலாம், குறைக்க வழியில்லை. ஆகவே சிறியதில் தொடங்குங்கள்.

பழைய விண்டோஸ் 10 கணினிகள் கையில் இருந்தால் லிங்க் வாங்கும் அவசரமே இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. ஆனால் விண்டோஸ் 365 சந்தா உள்ளவர்கள் கிளவுட் பிசியைத் திறக்கப் பயன்படுத்தும் விண்டோஸ் 10 கணினிகளுக்கு, கூடுதல் கட்டணமின்றி மூன்று ஆண்டு வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் கிடைக்கிறது. முதலில் அவற்றில் கிளவுட் பிசியைத் திறக்கும் ‘விண்டோஸ் ஆப்’ என்ற செயலியைப் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

அந்த ஒரு மாதத்தில் கவனிக்க வேண்டியது எம்பிபிஎஸ் (இணைய வேகம்) அல்ல, தாமதம். அலுவலக வேலைக்கு ஆளுக்கு 3 எம்பிபிஎஸ் போதும், பத்துப் பேருக்கு 30. இணைப்புப் பட்டையிலுள்ள சிக்னல் சின்னத்தை அழுத்தினால் ரவுண்ட் டிரிப் நேரமும் (தரவு போய்த் திரும்பும் நேரம்), இணைப்பு வேகமான யுடிபி வழியா, மெதுவான டிசிபி வழியா என்பதும் தெரியும். 100 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நிம்மதி. 200ஐத் தாண்டினால் தட்டிய எழுத்து திரையில் வருவதற்குள் எரிச்சல் வந்துவிடும். டிசிபி என்று காட்டினால் பெரும்பாலும் ஃபயர்வாலில் யுடிபி 3478 என்ற போர்ட் அடைபட்டிருக்கும், திறந்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து பயன்படுத்துவோர் கிளவுட் பிசியை உருவாக்கும்போதே புனேயிலுள்ள மத்திய இந்தியா மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் நன்றாக ஓடி மதியம் தடுமாறுகிறதா? யாரோ ஒருவரின் போன் பேக்கப் அப்லோடை நிரப்பிக்கொண்டிருக்கலாம். ரவுட்டரில் எஸ்க்யூஎம் (நெரிசலில் தாமதம் கூடாமல் பார்க்கும் வசதி) இருந்தால் இயக்குங்கள்.

நெட் போனால் பெட்டி வெறும் பெட்டிதான். வேறு நிறுவனத்தின் இரண்டாவது லைனும், ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. ஒரு ஆறுதல் உண்டு: இங்கே கரண்ட் போனாலும் கிளவுட் பிசி அங்கே ஓடிக்கொண்டிருக்கும், மறுபடி நுழையும்போது திறந்திருந்த கோப்பு அப்படியே இருக்கும்.

யுஎஸ்பி சாதனங்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். லிங்கில் டிரைவர் போட இடமில்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, எடைத்தராசு போன்றவற்றுக்கு டிரைவரை கிளவுட் பிசியில் நிறுவ வேண்டும், அந்தச் சாதனத்தின் இணைப்பை கிளவுட் பிசிக்குத் திருப்பிவிடவும் அனுமதி இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நேரில் செருகிச் சோதித்த பிறகே ஆர்டர் கொடுங்கள். பிரிண்டரை நெட்வொர்க்கில் வைத்துவிடுவது உத்தமம்.

உரிமத்தில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. எண்டர்பிரைஸ் திட்டத்தில் ஊழியரின் உரிமத்தை நீக்கினால் 7 நாள் அவகாசம்தான். அதற்குப் பிறகு கிளவுட் பிசி அழிந்துவிடும், அதன் ரீஸ்டோர் பாயிண்டுகளையும் (பழைய நிலைக்கு மீட்க எடுத்த நகல்கள்) நம்ப முடியாது. ஆட்கள் விலகும்போது முதல் வேலை, கோப்புகளை ஒன்டிரைவுக்கு மாற்றுவது. இதை நிர்வாகியின் வேலைப் பட்டியலில் எழுதி வைத்தாக வேண்டும்.

கொடுக்கும் பணத்துக்கு இது தகும் இடம் ஷிஃப்ட் வேலைதான். ஷிஃப்ட் ஊழியர்களுக்கான ஃபிரன்ட்லைன் உரிமம் ஒன்றுக்கு மூன்று கிளவுட் பிசி கிடைக்கும், ஒரே நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். மூன்று ஷிஃப்ட் கால் சென்டரில் ஒரு மேசை, ஒரு லிங்க், ஒரு உரிமம் மூன்று பேருக்குப் போதும். பெட்டி திருடு போனாலும் அதில் தரவு எதுவும் இருக்காது. காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஆறுக்குப் போகும் பத்துப் பேர் அலுவலகத்துக்கு மினி பிசியும் ஒழுங்கான பேக்கப்புமே போதும்.