தொங்கலா, கூழ்மமா?

தொங்கல் (suspension), கூழ்மம் (colloid) இரண்டுமே துகள்கள் பரவிக் கிடக்கும் கலவைகள், பெரும்பாலும் கலங்கலாகத்தான் தெரியும். மணலோ சுண்ணாம்புத் தூளோ கலந்த தண்ணீர் தொங்கல், பால் கூழ்மம். சரி, வித்தியாசம் எங்கே? துகளின் அளவில்தான். தொங்கலில் துகள்கள் பொதுவாக 1000 நானோமீட்டருக்கு மேல். கூழ்மத்தில் 1 முதல் 1000 வரை. அதற்கும் கீழே போனால் உப்புக் கரைசல் மாதிரியான உண்மைக் கரைசல்.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு துகள் திரவத்தில் கீழே இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்று ஸ்டோக்ஸ் விதி சொல்கிறது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும்! அதோடு, நுண்ணிய துகள்களைத் திரவ மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருக்கின்றன. அதுதான் பிரௌனியன் இயக்கம். அதனால் கூழ்மத் துகள் படியாமல் மிதக்கிறது, தொங்கல் அடியில் தங்கிவிடுகிறது. சாதாரண வடிதாளும் தொங்கலைப் பிரித்துவிடும், கூழ்மத்தைப் பிரிக்காது.

ஒளியைச் செலுத்தி, அது சிதறுகிறதா என்று சோதிப்பதைப் பலர் நம்புகிறார்கள். கரைசலையும் கூழ்மத்தையும் பிரித்தறிய அது அருமையான வழி. ஆனால் தொங்கலும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால் இங்கே அசையாமல் வைத்துப் பார்ப்பதே மேல்.

அப்புறம், மருந்துப் புட்டியில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று இருந்தால் அலட்சியம் வேண்டாம். பெரும்பாலும் அது தொங்கல். குலுக்காமல் ஊற்றினால் மேலே மருந்து குறைவாகவும், கடைசி வேளைகளில் அளவுக்கு அதிகமாகவும் வரும்.