‘கம்ப்ளீட் செட்’, இன்னைக்கே மீனும் விடலாம்னு சொல்ற கடையா? உஷார்

முதல் தடவையா வீட்டுல மீன் தொட்டி வைக்கலாம்னு இருக்கறவங்க, முக்கியமா பசங்க அடம் பிடிக்கறாங்கன்னு ஞாயித்துக்கிழமை அவசரமா கடைக்குக் கிளம்பறவங்க, இதைப் படிச்சிட்டுப் போங்க. கடை பேரு போடல. சென்னையில வண்ண மீன்னாலே கொளத்தூர்தான், ஆனா இது கொளத்தூர் கடை இல்ல, அங்க வருஷக்கணக்கா மீன் வளர்த்து விக்கறவங்களை இதுல இழுக்காதீங்க. இது அம்பத்தூர்ல என் தங்கச்சி வீட்டுக்கிட்ட இருக்கற ஒரு கடை, வெளிய கலர் கலரா லைட்டு, உள்ள போனா ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது, மீனுக்கு உயிர் கேரண்டி இல்லை’னு போர்டு.

தங்கச்சி பையன் பிறந்தநாளுக்கு மாமா வாங்கித் தரேன்னு சொல்லியாச்சு, போய் கேட்டா கடைக்காரர் யோசிக்கவே விடல, “சார் ஒன்றரை அடி தொட்டி, 60 லிட்டர், ஃபில்டர், லைட்டு, ஹீட்டர், கலர் கல்லு, மருந்து, மீனு எல்லாம் சேர்த்து கம்ப்ளீட் செட், ஆறாயிரத்து ஐநூறு, சாயங்காலமே ஓடும்”னாரு. பில் கேட்டா துண்டுச் சீட்டுல மொத்தத்தை மட்டும் எழுதிக் குடுத்தாரு.

முதல்ல அந்த 60 லிட்டர் கதை. வீட்டுக்கு வந்து டேப் வச்சு அளந்தா 18 இன்ச் நீளம், 12 அகலம், 12 உயரம், கணக்குப் போட்டா 42 லிட்டர் கிட்டத்தான் வருது, அதுலயும் கல்லுக்கும் மேல விடற இடைவெளிக்கும் போக நிஜமா தண்ணி நிக்கறது 35 லிட்டர். இது சும்மா அளவு விஷயம்னு நினைக்காதீங்க, லிட்டரை ஏத்திச் சொன்னாத்தானே மீனையும் ஏத்தி விக்க முடியும். அந்த 35 லிட்டருக்கு அவர் குடுத்தது ரெண்டு கோல்டு ஃபிஷ், ரெண்டு ஏஞ்சல், நாலு ஷார்க், ரெண்டு சக்கர்.

கோல்டு ஃபிஷ் குளிர்ச்சியான தண்ணி மீன், கழிவும் ரொம்ப ஜாஸ்தி, அதை சூடான தண்ணியில இருக்கற ஏஞ்சலோட சேர்க்கறதே தப்பு. அந்த ‘ஷார்க்’ இருக்கே, அது சுறாவே இல்லங்க. ஹோட்டல்ல பாசா ஃபிஷ்னு ஃபிங்கர் போட்டுத் தர்றாங்களே, அந்தக் கெளுத்திக் குஞ்சுதான் அது. வளர்ந்தா மூணு அடியைத் தாண்டும், ஒன்றரை அடி தொட்டியில லைட்டு போட்டாலே மிரண்டு கண்ணாடியில போய் மோதும். சக்கர் மீனை ‘டேங்க் கிளீனர் சார், இது இருந்தா நீங்க தொட்டி கழுவவே வேணாம்’னு சொல்லி வித்தாரு. அது ஒரு அடிக்கு மேல வளர்ற மீன், கிளீன் பண்றதை விட அது போடற கழிவுதான் அதிகம். பக்கத்துத் தொட்டியில கண்ணாடி மீனுக்கு பச்சை, பிங்க்னு சாயம் ஊசி போட்டு வச்சிருந்தாரு, நல்ல வேளை பையன் கண்ணுல அது படல. அந்தச் சாயம் சில மாசத்துல வெளுத்துடும், அதுவரைக்கும் மீனு உயிரோட இருந்தாப் பார்க்கலாம்.

ஆனா உண்மையான மோசடி இதெல்லாம் இல்ல, ‘சாயங்காலமே ஓடும்’னு சொன்னதுதான். புதுத் தொட்டியில அன்னைக்கே இத்தனை மீனை விட்டா சாகத்தான் செய்யும், இது அந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும். மீன் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணியில அமோனியாவா மாறும், அது விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட்டா மாத்தினப்புறம்தான் மீனுக்குப் பெருசா தொந்தரவு இல்ல, அதையும் வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்தி வெளிய எடுத்துடலாம். இந்தப் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பான்ஜ்லயும் கல்லுலயும் தங்கிப் பெருக சாதாரணமா நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். நம்ம கடைக்காரர் அதுக்குப் பதிலா லேபிளே இல்லாத, தேதியே இல்லாத ஒரு பாட்டிலைக் குடுத்து ‘இதுலயே பாக்டீரியா இருக்கு, ரெண்டு மூடி ஊத்துங்க போதும்’னாரு. நல்ல கம்பெனி பாட்டில் வேலையைக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்க உதவும், ஒத்துக்கறேன், ஆனா பேரே இல்லாத பாட்டில்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? தண்ணியில அமோனியா எவ்வளவு இருக்குன்னு பார்க்கற டெஸ்ட் கிட் இருக்கான்னு கேட்டதுக்கு “அதெல்லாம் ஃபாரின்காரன் பண்றது சார்”னு ஒரு சிரிப்பு.

தங்கச்சி வீட்டுல போர் தண்ணி, பிஎச் (தண்ணி எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம்னு சொல்ற அளவு) எட்டுக்கு மேல. பிஎச் ஏற ஏற அதே அளவு அமோனியா இன்னும் கடுமையா மீனைத் தாக்கும். அந்த வாரமே மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, செவுள் சிவந்து போச்சு, முதல்ல ஏஞ்சல் போச்சு, அப்புறம் கோல்டு ஃபிஷ். கடைக்குப் போனா ‘உங்க தண்ணி சரியில்ல சார்’னு ஒரு நீல மருந்து, அது மெத்திலீன் ப்ளூ, பூஞ்சைக்குப் போடறது. தண்ணியில இருக்கற அமோனியாவை அது எடுக்காது, போதாததுக்கு ஃபில்டர்ல அப்பத்தான் வர ஆரம்பிக்கற நல்ல பாக்டீரியாவையும் அது கெடுக்கும், தொட்டி ஓரத்து சிலிக்கான் வேற நீலமாயிடுச்சு. மறுபடி போனா வேற பாட்டில், கூடவே ‘செத்ததுக்குப் பதிலா ஜோடி பாதி விலை’. இப்பப் புரியுதா இவங்களுக்கு லாபம் எங்கேர்ந்து வருதுன்னு? தொட்டி ஒரு தடவைதான் விக்கும், சாகற மீனுக்கும் மருந்துக்கும் ஆளு திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருப்பான்.

ஹீட்டரை மறந்துட்டேன். மே மாசம் சென்னையில தொட்டித் தண்ணி தானாவே 30 டிகிரியைத் தாண்டும், இங்க முக்கால்வாசி வருஷம் அது தேவையே படாது. அப்படியே வேணும்னாலும் லிட்டருக்கு ஒரு வாட்டுங்கறது பொதுக் கணக்கு, இவர் வச்சது 300 வாட். அதுல சூடு போதும்னா தானா நிறுத்தற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சுன்னா மீன் குழம்புதான்.

நீங்க போறதா இருந்தா முதல் நாள் தொட்டியும் ஃபில்டரும் மட்டும் வாங்குங்க, ஏர் பம்போட ஓடற ஸ்பான்ஜ் ஃபில்டரே முதல் தொட்டிக்குத் தாராளம், விலையும் கம்மி. தெரிஞ்சவங்க யாராவது நல்லா ஓடற தொட்டி வச்சிருந்தா அவங்க பழைய ஸ்பான்ஜைக் கொஞ்சம் வாங்கி உள்ள போட்டா பாதி காத்திருப்பு மிச்சம். மெட்ரோ தண்ணின்னா குளோரினை எடுக்க ஆன்ட்டி குளோரின் போடணும். அமோனியா டெஸ்ட் கிட் வாங்குங்க, அந்தக் காசு வீண் இல்ல. ஆர்ஓ தண்ணியை மட்டும் அப்படியே ஊத்தாதீங்க, அதுல தாது உப்பே இருக்காது. மீனுன்னு பார்த்தா நம்ம போர் தண்ணிக்கு கப்பி, மோலி நல்லா தாங்கும், அதையும் நாலஞ்சா ஆரம்பிங்க.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ங்கற அந்த போர்டைப் பார்த்துட்டு யாரும் பயந்து திரும்பிடாதீங்க. பில் குடுக்காம விக்கறதும், குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேங்கறதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயே முறையற்ற வணிகம்னு இருக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின பொருளுக்கு ஃபீஸே கிடையாது. நான் 1915ங்கற பேச்சை எடுத்ததும்தான் ஹீட்டர் காசு திரும்பி வந்துச்சு, மத்ததுக்கு இன்னும் இழுத்தடிக்கறாரு. மிச்சம் இருந்த மீனையாவது எடுத்துக்கங்கன்னா “ஏரியில விட்டுடுங்க சார், புண்ணியம்”னாரு பாருங்க, அப்பத்தான் எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு. சக்கர் நம்ம ஊரு மீனே இல்ல, தென் அமெரிக்கா மீனு, ஏரி குளத்துல போய்ப் பெருகி மீன் பிடிக்கறவங்க வலையைக் கிழிச்சுக்கிட்டு இருக்கு, தயவுசெஞ்சு யாரும் விட்டுடாதீங்க.

ரெண்டு சக்கரும் ஒரு ஷார்க்கும் இப்ப தங்கச்சி வீட்டு மொட்டை மாடி டிரம்முல ஏர் பம்பு போட்டு இருக்கு. நாலு அடிக்கு மேல தொட்டியோ சிமெண்டு தொட்டியோ வச்சிருக்கறவங்க ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் இருந்தா சக்கர் மீனை எடுத்துக்கங்க, ஷார்க்குக்கு அதுவும் பத்தாது, குளம் மாதிரி பெருசா வெளிய போக முடியாதபடி கட்டி வச்சிருக்கறவங்கதான் வேணும். காசு எதுவும் வேணாம், கவர்ல ஆக்சிஜன் அடிச்சு நானே கொண்டு வந்து தரேன்.