ஆக்ஸில் உடையவே இல்லை, ஆயில் சீல்தான் உயிரை எடுக்கிறது

"அண்ணே, காடு மேடு போற வண்டியில எதுக்குண்ணே ஆக்ஸில் ஸ்ட்ராங்?" என்று சித்தப்பா மகன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான். நத்தம் பக்கம் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறான். குர்கா, தார், ஜிம்னி என்று ஜீப் மாதிரி வண்டிகளாக வரிசையாகப் போட்டுவிட்டுக் கடைசியில், "உங்க வண்டி மாதிரி பழசா ஒண்ணு கிடைச்சாலும் சரிண்ணே" என்று முடித்திருந்தான். கேட்ட நேரம்தான் சரியில்லை. என் வண்டி புதூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பின்சக்கரத்தைக் கழற்றிப்போட்டு நின்றது. காரணம் வழக்கமானதுதான், இடது பக்கப் பின் ஆக்ஸிலில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த வண்டிக்காரர்கள் படை திரட்டி வந்துவிடுவார்கள். டீசல், ஃபோர் பை ஃபோர், பின்னால் கமான் பட்டை, அதில் யூ போல்ட் போட்டுக் கட்டிய முழு ஆக்ஸில், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே கூடாக இணைக்கும் அமைப்பு. பல வருடமாக என்னிடம் இருக்கிறது. இது போதும்.

ஆக்ஸில் பலம் என்றதும் எல்லோரும் தடிமனைத்தான் கேட்கிறார்கள். தடிமன் முக்கியம்தான். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். ஆக்ஸிலுக்குள் சுழன்று சக்கரத்தைச் சுற்றும் தண்டுதான் ஷாஃப்ட். 30 மி.மீ. ஷாஃப்டை 33 மி.மீ. ஆக்கினால் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, பலமோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த ஷாஃப்ட் எதை எதைச் சுமக்கிறது என்பது.

செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸிலில் சக்கரம் ஷாஃப்டின் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். சக்கரத்தைச் சுற்றுவதும் அந்த ஷாஃப்ட்தான், வண்டிப் பாரம் வந்து விழுவதும் அதன் மேல்தான். வெளிப்பக்கம் பேரிங்குக்கு அருகில் முறிந்தால் சக்கரம் ஷாஃப்டோடு கழன்றுகொண்டு போய்விடும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் பாரத்தை, ஹவுசிங் எனும் வெளிக்கூட்டின் முனையில் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஹப்பும் அதற்குள் உள்ள இரண்டு பேரிங்கும் பார்த்துக்கொள்ளும். ஷாஃப்டுக்கு முறுக்கு மட்டும்தான் வேலை. அது உடைந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். ஜாக்கி வைக்காமலே போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை உருவிவிடலாம். லாரிகளில் பின்சக்கர நடுவில் வட்டமாகப் போல்ட் வரிசை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் இது. இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்புக்கும் பின்னால் இதே அமைப்புதான். போர் முடிந்து ஜீப் ஊருக்குள் வந்த பிறகு அது செமி ஃப்ளோட்டிங் ஆனது. என் வண்டியும் செமிதான்.

அப்படியிருந்தும் இத்தனை வருடத்தில் ஷாஃப்ட் ஒன்றுகூட முறியவில்லை. இதை எவ்வளவு எரிச்சலில் இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மேலூர்ப் பக்கம் கல்குவாரிப் பாதை, கள்ளிக்குடி கரிசல், மழை முடிந்த கையோடு கண்மாய் மறுகால் ஓடும் ஓடை என்று எல்லாவற்றிலும் இறங்கியிருக்கிறது. ஆக்ஸிலுக்கு இவை மூன்றும் ஒன்றல்ல. ஓடை மணலில் இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் டயர் வழுக்கிவிடும், ஷாஃப்டுக்குப் பெரிய ஆபத்து கிடையாது. கரிசல் டயரில் அப்பிக்கொண்டு கனம் ஏற்றும். அதுவும் மெதுவான இழுவைதான். பாறைதான் எமன். அந்தரத்தில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று கல்லைப் பிடித்தால், அந்த வேகம் முழுவதும் ஒரே அடியாக ஷாஃப்டில் இறங்கும். முறிவது அந்த நொடியில்தான்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் இன்ஜின், முதல் கியரில் 4 மடங்கு, மெதுவான இழுவைக்கான லோ ரேஞ்ச் கியரில் இரண்டரை மடங்கு, ஆக்ஸிலுக்கு நடுவில் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரத்தில் இன்னொரு 4 மடங்கு என்றால், உராய்வில் போவதைக் கழிக்காமல் 8,000 நியூட்டன் மீட்டர். இது அப்படியே ஒரு ஷாஃப்டுக்குப் போவதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் பிரிந்து, இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சாதாரண டிஃபரன்ஷியலில் இடத்துக்கும் வலத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். அந்த டிஃபரன்ஷியலைப் பூட்டி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃப் லாக் போட்டுவிட்டால் கதை வேறு. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், அந்த ஆக்ஸிலுக்கு வந்த முழு முறுக்கும் தரையில் பிடித்த சக்கரத்தின் ஷாஃப்டுக்கே போகும். லாக் இருக்கும் வண்டி பலமான வண்டி என்று பேசுகிறார்கள். லாக் இருந்தால் ஷாஃப்டும் அதற்கேற்ற பலத்தோடு இருக்க வேண்டும் என்பதே சரி. பெரிய டயர் மாட்டினாலும் இதே கதிதான். ஆரம் கூடக் கூட ஷாஃப்டில் விழும் முறுக்கும் கூடும்.

சரி, தம்பி கேட்ட மூன்றுக்கும் வருகிறேன். 2021-க்குப் பிந்தைய குர்காவில் பின்னால் முழு ஆக்ஸில், முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி டிஃப் லாக். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் இதுதான் பதில், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. 2020-க்குப் பிந்தைய தாரிலும் பின்னால் முழு ஆக்ஸில், முன்பக்கம் அதே தனித்தனி அமைப்பு. ரோட்டில் சொகுசு. ஆனால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, சக்கரம் கீழே தொங்கும் நிலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஷாஃப்டைவிட அதன் மூட்டுக்குத்தான் சோதனை. முழு ஆக்ஸில் என்றாலும் முன்பக்கத்தில் திருப்புவதற்கு ஒரு மூட்டு இருந்தாக வேண்டும், அங்கேயும் அதுதான் பலவீனமான இடம். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், எடை சுமார் 1,200 கிலோதான். கனம் குறைந்தால் டயர் பிடிமானமும் குறையும், ஷாஃப்டுக்கு வரும் அடியும் குறையும். இரண்டு டன் வண்டிக்குத் தேவையான தடிமன் அதற்குத் தேவையே இல்லை. எவ்வளவு தாங்கும் என்பதோடு எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிறுமலை பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு இதெல்லாம் எதுவும் வேண்டாம், அது தார் ரோடு. அதற்கு அப்பால் ரோடு இல்லாத தோட்டங்களிலிருந்து சுமை இறக்க அங்கே குதிரைதான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் விஷயம். சீல் கசிகிறது என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. ஹவுசிங்குக்குள் இருக்கும் கியர் ஆயில் ஷாஃப்ட் வழியாக வெளியே வந்து நேராக பிரேக் டிரம்முக்குள் இறங்குகிறது. டிரம்மைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனர் எண்ணெயில் ஊறிவிட்டால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயரின் உள்பக்கச் சுவரில் கறுப்பாக வழிந்த கோடு தெரியும். தொட்டு முகர்ந்தால் கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். தண்ணீர் போல இருந்தால் பிரேக் ஆயில், அது வேறு தலைவலி.

சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் சீலை மட்டும் மாற்றிப் பில் கொடுத்தார்கள். ஏன் திரும்பத் திரும்பப் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பட்டறை அண்ணன்தான் ஷாஃப்டை வெளியே எடுத்து, சீல் உதடு உட்காரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துக் காட்டினார். நகம் தட்டியது. வருடக்கணக்கில் தேய்ந்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீல் போட்டாலும் அதே பள்ளத்தில்தான் உட்காரும். கூடவே ஹவுசிங் மேலிருக்கும் பிரீதரில், அதாவது உள்ளே காற்று போய் வரும் சின்னத் துளையில், கரிசல் காய்ந்து அடைத்திருந்தது. ஓடி ஓடிச் சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் வழியாக மூச்சு விட முடியாவிட்டால் சீல் பக்கமாகத் தண்ணீரை உறிஞ்சும். மறுபடி சூடேறும்போது ஆயிலை வெளியே தள்ளும். வடித்த ஆயில் வெளுத்துப்போய் வந்தது.

அங்கேயே வேறொரு வண்டியின் ஷாஃப்ட் மூலையில் கிடந்தது. லேத்தில் கடைந்த மாற்றுச் சரக்காம். முனையில் இருக்கும் பற்கள் நேராக இல்லாமல் துணி பிழிந்த மாதிரி சாய்ந்திருந்தன. அளவு சரியாகத்தான் இருந்தது, மேல்பரப்பைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் வேலையைத்தான் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். என்னுடையது இத்தனை அடிக்குப் பிறகும் ஒரு பல்கூட சாயாமல் இருந்தது. அண்ணன் ஒரு பழந்துணியால் துடைத்துவிட்டு, "இரும்பு நல்ல இரும்புங்க" என்றார். இரும்பு நல்ல இரும்புதான், அதை நான் மறுக்கவில்லை. இவ்வளவு நல்ல இரும்பைப் போட்டவர்களுக்கு ஒரு ரப்பர் வளையத்தைச் சரியாக யோசிக்கத் தெரியவில்லையே என்பதுதான் ஆத்திரம்.

நியாயமாகப் பேசினால், ஃபுல் ஃப்ளோட்டிங்கிலும் ஹப் சீல் கசியும், பிரீதரில் சேறு அடைப்பதும் எல்லா வண்டிக்கும் உண்டு. இப்போது ஷாஃப்டின் பள்ளத்தின் மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றி, பிரீதருக்கு ரப்பர் குழாய் மாட்டி மேலே பாடி வரை கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். இந்த மழைக்காலம் கழிந்தால் தெரியும்.

தம்பிக்கு எழுதிய பதில் இது: பழைய வண்டி பார்க்கப் போனால் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார். பிரீதர் எங்கே இருக்கிறது என்று கேள், விற்கிறவருக்கே தெரியாவிட்டால் விலையைக் குறை. சுமை அதிகம் என்றால் குர்கா, நீ மட்டும் தோப்புக்குப் போய் வருவதென்றால் ஜிம்னி போதும். என்னுடைய மாதிரி வண்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.

"அப்ப உங்களத எனக்குத் தர்றீங்களாண்ணே, பாதி விலைக்கு எடுத்துக்கிறேன்" என்று உடனே பதில் போட்டான். விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.