வாளையாறுக்கு அந்தப் பக்கம் மலிவாக வரும் ஹோண்டா சிட்டி விடெக்: வாங்கலாமா?

கேரளாவின் பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 2000-களின் தொடக்கத்தில் வந்த சிட்டி விடெக் இன்னும் கண்ணில் படுகிறது. 1.5 லிட்டர், ஒற்றை கேம்ஷாஃப்ட், 106 குதிரைத்திறன். எடை ஒரு டன்னை ஒட்டித்தான். குடும்ப செடான் என்று விற்ற வண்டிதான். ஆனால் விடெக் என்பது என்ஜின் வேகம் ஏறியதும் வால்வ் திறக்கும் விதத்தையே மாற்றும் ஹோண்டா ஏற்பாடு; 5,000 ஆர்பிஎம் பக்கம் போனதும் குரல் மாறி ஒரு இழுப்பு இழுக்குமே, அதற்காகவே இன்றும் தேடுகிறார்கள். கோவை, பொள்ளாச்சிக்காரர்கள் எல்லை தாண்டிப் போய்ப் பார்ப்பது விலைக்காக. அந்த விலை ஏன் இறங்கியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கணும். பானெட்டை அப்புறம் திறக்கலாம்.

2002 வண்டி என்றால் 15 வருட ஆர்சி (பதிவுச் சான்று) 2017-ல் முடிந்திருக்கும். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு: 2022, அடுத்தது 2027. இந்தத் தேதி நெருங்கும்போதுதான் ஓனருக்கு விற்கும் எண்ணம் வரும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. ஜிஎஸ்டி, பசுமை வரி, எஃப்சிக்கு (தகுதிச் சான்று) நிறுத்துமுன் செய்யும் டிங்கரிங் எல்லாம் தனி. கேரள நம்பரைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அதற்கு ஃபாரம் 28-ல் என்ஓசி (கேரள ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று), பெயர் மாற்ற 29, 30, இங்கே புது நம்பருக்கு 27, கூடவே லைஃப் டாக்ஸ். ஆர்சியில் பழைய லோன் நின்றால் ஃபாரம் 35-ம் வேண்டும். கேரள கேமராவில் விழுந்த அபராதம் பாக்கி இருந்தாலும் என்ஓசி நகராது. அட்வான்ஸ் கொடுக்குமுன் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். மீதிப் பணம் என்ஓசி கைக்கு வந்த பிறகுதான்.

அடுத்தது பாடி. கொல்லம், கோழிக்கோடு என்று கடலோரத்தில் ஓடிய வண்டியும் பாலக்காட்டு வெயிலில் நின்ற வண்டியும் ஒன்றல்ல. முதல் பதிவு எந்த ஆர்டிஓ என்று ஆர்சியில் பாருங்கள். கடலோர வண்டியில் பின் சக்கர ஆர்ச்சின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் துரு பொருக்குப் பொருக்காகக் கையோடு வரும். வெளியே பளபளவென்று இருந்தால் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பூச்சு. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்து, குழியில் தண்ணீர் நின்ற தடம் இருக்கிறதா பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம் அமுங்கினால் பேச்சே வேண்டாம். 2018 வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவுங்கள். மேலே ஷாம்பூ போட்டுக் கழுவியிருப்பார்கள். சுருளின் உள்ளே இருக்கும் சேற்றுக் கோட்டை யாரும் கழுவுவதில்லை.

என்ஜினுக்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. கம்ப்ரஷன் 180 பிஎஸ்ஐ பக்கம் காட்டினால் நல்ல ஆரோக்கியம். 135-க்குக் கீழே போனாலோ சிலிண்டருக்குச் சிலிண்டர் 28-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ வேலை இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலப்புகை என்றால் வால்வ் சீல். மிதிக்க மிதிக்கப் புகைத்தால் பிஸ்டன் ரிங். சூடான என்ஜினில் இரண்டாவது கியரில் 6,000 வரை ஏற்றியும் குரல் மாறவில்லையா? உடனே சிலிண்டர் ஹெட்டைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஆயில் அளவு, பிறகு விடெக் சாலினாய்டின் (ஆயிலைத் திறந்துவிடும் மின் வால்வ்) கேஸ்கெட்டில் இருக்கும் சின்ன வலை. அது கசடு அடைத்தால் ஆயில் பிரஷர் போய்ச் சேராது. கழற்றிக் கழுவினால் பல வண்டிகள் சரியாகிவிடும்.

வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆகாமல் சண்டித்தனம் செய்வது இந்தக் கால ஹோண்டாக்களின் தனிக்குணம். சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடி பெட்ரோல் பம்ப் முனகணும். முனகல் இல்லையென்றால் பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள மெயின் ரிலே. உள்ளே சால்டர் (ஈயப் பற்றவைப்பு) விரிசல் விட்டிருக்கும், மறுபடி வைத்தால் போதும். நல்ல மெக்கானிக் அரை மணியில் முடிப்பதற்கு, தெரியாதவர் பம்ப்பையே மாற்றச் சொல்வார். அதனால் வண்டி பார்க்க மதியம் போங்கள், காலைக் குளிரில் வேண்டாம்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்றுதான் கணக்கு. அறுந்தால் வால்வ் வளையும். வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. அதனால் டென்ஷனர், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஒரே கையோடு மாற்றிவிடுங்கள். இந்த என்ஜின் இடஞ்சுழியாகச் சுற்றும்; டைமிங் மார்க் பார்க்கும்போது பட்டறையில் இதை நினைவுபடுத்துவது நல்லது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 20 வருட ரப்பர் ஹோஸுக்கு இது ஆகாது, எனவே அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

கிளட்ச்சை மிதித்தால் நிற்கிற கியர்பாக்ஸ் ஊளை, கிழிந்த ஆக்ஸில் பூட், கசியும் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் விலையைக் குறைக்க உதவும் சங்கதிகள். இவற்றுக்காக நல்ல பாடியை விட்டுவிடாதீர்கள். பம்பர், லைட், கண்ணாடி உடைந்திருந்தால்தான் திண்டாட்டம். கோவை உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளில் அலைந்தாலும் முழுசாகக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

நம் கணக்கில், ஆர்சிக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கிற, துரு இல்லாத தமிழ்நாட்டு வண்டி கொஞ்சம் கூட விலை சொன்னாலும் அதுவே மலிவு. கேரள வண்டிதான் என்று முடிவானால், பேசிய விலையில் பாதியை மேற்கொண்டு வரும் பேப்பர், ரிப்பேர் செலவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். ஆர்ச்சில் ஓட்டையும் ஆர்சி காலாவதியும் சேர்ந்திருந்தால் அது பார்ட்ஸ் வண்டி. அந்த விலைக்கு மேல் பேச வேண்டாம், எடுத்தாலும் ஓனரை ஆர்சி ரத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு எடுங்கள்.