குலசேகரம் – பேச்சிப்பாறை ரோட்டு மலைப்பொருள் கடை: தேன் வாங்கப் போகிறவர்களுக்கு

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் இருக்கும் இந்தச் சின்னக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். கடை நடத்துகிற அக்கா பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கூட்டம் வந்தால் கொடுக்கச் சரக்கு இருக்காது என்பதுதான் காரணம், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். மலையில் இருக்கும் காணிக்காரப் பழங்குடிக் குடும்பங்கள் கொண்டுவந்து தருகிற தேன், நல்லமிளகு, கிராம்பு, குடம்புளி, அப்புறம் அந்தந்தக் காலத்துக் கிழங்கு, இவ்வளவுதான் சரக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் தேன் வாங்கிய கடைகளில் எது எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே சொல்கிற கடை இது ஒன்றுதான்.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, ரப்பர் தேனா, மலைத்தேனா (காட்டு மலைத்தேனீயின் தேன்), சிறுதேனா (கொட்டாத சிறுதேனீயின் தேன்), எந்த மாதம் எடுத்தது என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள். இது சாதாரண விஷயமில்லை. மார்த்தாண்டம் தேன் என்று நாம் வாங்குவதில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துத் தேனீப் பெட்டிகளிலிருந்து வருவது. ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும், பூவே தேவையில்லை, ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை தேனீக்கு அது பெரிய விருந்து. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1924ல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் தொடங்கிவைத்த தேனீ வளர்ப்பு எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்டிருக்கிறது, அந்தத் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் ரப்பர் தேனை மலைத்தேன் என்று சொல்லி விற்பது வேறு கதை. திருவிழாக் கடைகளில் அப்படி வாங்கி ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்தக் கடையில் நான் மலைத்தேன் கேட்டபோது, "இப்ப இருக்கது ரப்பர் தேன் மக்களே. மலைத்தேன் வேணும்னா மழைக்கு முன்ன வரணும்" என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டார். விற்பனை போனாலும் பரவாயில்லை என்று சொல்கிற கடைக்கு மறுபடி போகாமல் இருக்க முடியுமா?

மழைக்கு முன் போய் வாங்கிய மலைத்தேனைப் பற்றிச் சொல்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கரும்பழுப்பு நிறம், மேலே விரல் தடிமனுக்கு வெளிர் நுரை, அதில் மஞ்சளாகப் பூந்தாது. நாக்கில் வைத்ததும் இனிப்பு, விழுங்கின பிறகு தொண்டையில் லேசான கசப்பு நிற்கும். ரப்பர் தேனைவிட இது இளகலாகவே இருக்கும், அதனால் தண்ணீர் கலந்தது என்று சந்தேகப்பட வேண்டாம், மலைத்தேனில் இயல்பாகவே ஈரப்பதம் கூடுதல். அடையைக் கையால் பிழிந்தால் அதிலிருக்கும் தேனீப் புழுவின் சாறும் சேர்ந்து சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் தேன் பகுதியை மட்டும் அறுத்துத் துணியில் தானாக வடிய விடுகிறார்கள். கலப்படமா என்று அறியத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, தீக்குச்சி உரசுவது எல்லாம் ஒன்றையும் நிரூபிக்காது. தேன் உறைந்தாலும் சர்க்கரைப் பாகு என்று அர்த்தமில்லை.

எடுக்கிற முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மலைத்தேனீ பெரிய மரத்தின் உச்சிக் கொம்பிலும் பாறை விளிம்பிலும் கூடு கட்டும். இரவில் புகை போட்டு ஏறுகிறவர்கள் புழு இருக்கும் அடையைத் தொடாமல் விட்டுவிட்டு இறங்குகிறார்கள், அப்படி விட்டால்தான் அடுத்த வருஷமும் அந்த மரத்துக்குத் தேனீ வரும் என்று கடைக்குத் தேன் கொண்டுவந்த ஒரு அண்ணாச்சி சொன்னார். 2006 வன உரிமைச் சட்டம் தேன், மெழுகு போன்ற சிறு வன விளைபொருள்களை எடுக்கவும் விற்கவும் காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை தருகிறது. சரி, உரிமை தாளில் இருந்தால் போதுமா, நியாயமான விலைக்கு வாங்க ஆள் வேண்டாமா? இந்தக் கடை சரக்கை எடை போட்டதும் கையில் பணம் கொடுத்துவிடுகிறது, நான் நின்றிருந்தபோதே கொடுத்தார்கள். காட்டை நிற்க வைத்தால் வருமானம் உண்டு என்று ஆகும்போதுதான் அதைக் காக்கிறவர்களுக்கும் தெம்பு வரும்.

ரப்பர்த் தோட்டமும் பச்சையாகத்தானே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். தளிர்க் காலம் முடிந்து மழை பிடித்தால் ரப்பரில் தேனீக்கு ஒன்றும் இல்லை, பெட்டிக்காரர்கள் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத்தான் தேனீக் கூட்டத்தைக் காப்பாற்றுகிறார்கள். காட்டில் ஒரு மரம் பூத்து முடியும்போது இன்னொன்று பூக்கும். வயதான மரத்தில் பொந்து விழும், அதில் நம்ம பெட்டியில் வளர்க்கிற அதே அடுக்குத்தேனீ குடியேறும், சிறுதேனீ குடியேறும், பெரிய பொந்தானால் இருவாச்சிப் பறவை முட்டையிடும். அப்படி ஒரு மரத்தை வெட்டினால் இத்தனைக்கும் வீடு போச்சு. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற தேனீ வைரஸ் நோய் வந்து நம்ம ஊர்ப் பெட்டிகள் வரிசையாகக் காலியானதைப் பெரியவர்கள் இன்னும் வருத்தத்தோடு சொல்வார்கள். தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் தொழில் மறுபடி எழுந்தது. பொந்துகளில் வாழும் கூட்டங்கள் ஒரு சேமிப்பு மாதிரி, அவை இருக்கும்வரைதான் மார்த்தாண்டத்துப் பெட்டிக்கும் நம்பிக்கை.

மற்ற சரக்கு: நல்லமிளகு காரமும் மணமும் அருமை, மூடியைத் திறந்ததும் தெரியும். குடம்புளியில் புகை வாசம் கொஞ்சம் தூக்கல், மீன் குழம்புக்கு எனக்குச் சரிப்பட்டது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கிராம்பு ஒரு தடவை பழைய சரக்கு, கிள்ளினால் எண்ணெய் கசியவே இல்லை, மாற்றித் தரச் சொன்னதும் மாற்றித் தந்தார்கள். குறை என்றால், பிளாஸ்டிக் பாட்டிலும் அதன் மூடியும். பஸ்ஸில் கொண்டுவந்தபோது பை முழுக்கத் தேன். கடை எப்போது திறக்கும் என்பதும் நிச்சயமில்லை, மழை பிடித்தால் சரக்கு இறங்காது, கடையும் பூட்டிக் கிடக்கும். மலைத்தேன் விலை ரப்பர் தேனைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த உயரத்தில் ராத்திரி ஏறி இறங்குகிற வேலைக்கு அது கூடுதல் இல்லை என்பது என் எண்ணம்.

நான் இருந்தபோது காரில் வந்த சிலர் தேன் எடுப்பதைப் பார்க்கக் காட்டுக்குள் கூட்டிப்போகச் சொல்லிப் பணம் நீட்டினார்கள். அக்கா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். 2008ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்த காடு அது, 402 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. யானையும் புலியும் நடமாடுகிற இடத்தில் அனுமதியில்லாமல் ஆள் ஏற்றக் கூடாது. அந்த மலையில் பெய்யும் இரண்டு பருவ மழையையும் மண்ணும் வேரும் பிடித்து வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக விடுவதால்தான் மழை நின்ற பிறகும் ஓடைகளிலிருந்து பேச்சிப்பாறை அணைக்குத் தண்ணீர் வருகிறது, கீழே நாஞ்சில் நாட்டு வயல் விளைகிறது. மலைப்பக்கம் எட்டியே பார்க்காதவர்கள் சாப்பிடுகிற சோற்றிலும் அந்தக் காடு இருக்கிறது.

போகிறவர்கள் மலைத்தேனுக்கு மே மாதம் போங்கள், கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள், அதில் ஊற்றித் தருகிறார்கள். சிறுதேன் எப்போதுமே கொஞ்சம்தான் வரும், மருந்துக்குத் தேடுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனையும் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். மலைத்தேன் இல்லை என்று சொன்னால் வற்புறுத்தாமல் நல்லமிளகு வாங்கிக்கொண்டு வாருங்கள்.