உப்புக் காற்றில் லேசர் தூசுமானி: கச்சானும் வாடையும் கண்ட பிறகு

திருகோணமலையில் மலிவான லேசர் சென்சர் மாட்டப்போகிறவர்களுக்கு: கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் பகலில் அது காட்டும் பிஎம்2.5 அளவை, அதாவது 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்தூசின் அளவை, ஓரளவு நம்பலாம். வாடைக்கால (வடகீழ்க் காற்றுக்கால) விடியற்காலை அளவை அப்படியே எடுக்காதீர்கள்.

ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கடலுப்புத் துகள் கரைந்து துளியாகிப் பருக்கும். அமோனியம் சல்பேட்டுக்கு 80 சதவீதம். சென்சர் எடை பார்ப்பதில்லை, சிதறும் ஒளியைத்தான் பார்க்கிறது. அதனால் தண்ணீரும் தூசுக் கணக்கில் ஏறும். ஆனால் முழுவதையும் ஈரம் என்று தள்ளவும் முடியாது, வாடையோடு இந்தியத் துணைக்கண்டத்துப் புகைமூட்டமும் வரும். இந்த வகை லேசர் சென்சர் வைத்த பர்ப்பிள்எயார் கருவிக்கான அமெரிக்கத் திருத்தம் இது: 0.524 × சிஎப்1 அளவு (கருவி தரும் திருத்தாத பிஎம்2.5) − 0.0862 × ஈரப்பதன் + 5.75. இதில் பெட்டிக்குள் அளந்த ஈரப்பதனையே போடவேண்டும், வெளியில் அளந்ததை அல்ல. அங்குள்ள தூசுக்குப் பொருத்திய கணக்கு என்பதால் நம் கரைக்கு இது உத்தேசம்தான்.

பிஎம்10 (10 மைக்ரோமீற்றர் வரையான தூசு) அளவைப் பார்க்கவே வேண்டாம். பருமனான துகளை இந்தச் சென்சர்கள் சரியாகக் காண்பதில்லை. கடலுப்பும் தெருப்புழுதியும் பெரும்பாலும் அந்த வகை.

உண்மை அளவு வேண்டுமென்றால் பில்டர்தான். நிமிடத்துக்கு 16.7 லீற்றர் இழுக்கும் சாம்ப்ளரில் 47 மிமீ டெஃப்லான் பில்டர் வைத்தால் 24 மணித்தியாலத்தில் 24 கனமீற்றர் காற்று போகும். பிஎம்2.5க்கு இலங்கையின் 24 மணி வரம்பு கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம், அதாவது பில்டரில் 1.2 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல் அளவான 15க்கு வெறும் 0.36. பாடசாலை ஆய்வுகூடத்து 0.1 மில்லிகிராம் தராசில் கடைசி இலக்கம் ஒன்று தடுமாறினாலே கனமீற்றருக்கு 4 மைக்ரோகிராம் பிழை. மைக்ரோகிராம் தராசு இல்லாமல் இறங்க வேண்டாம்.

நிறுக்கும் அறைதான் இங்கே பெரிய தலையிடி. காற்று இழுப்பதற்கு முன்னும் பின்னும், நிறுக்குமுன் 20–23 பாகை, 30–40 சதவீத ஈரப்பதனில் 24 மணித்தியாலம் பில்டரை வைக்கவேண்டும். ஏசி மட்டும் போட்டால் ஈரப்பதன் அவ்வளவு இறங்காது. உப்புத்துளி ஏறத்தாழ 45 சதவீதத்துக்குக் கீழேதான் திரும்பப் படிகமாகும். 55இல் நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்தே நிறுப்பீர்கள். டெஃப்லானில் நிலைமின் ஏறித் தராசை ஆட்டும், அதை நீக்கும் கருவி அவசியம். ஒவ்வொரு தொகுதியோடும் காற்று இழுக்காத வெற்றுப் பில்டர் ஒன்றையும் கொண்டுபோய்த் திரும்ப நிறுங்கள்.

கரண்ட் போனால் எடையை 24ஆல் வகுக்கக்கூடாது, மீற்றர் காட்டும் கனவளவே கணக்கு. 23 மணிக்குக் குறைந்தால் அந்த மாதிரியைக் கழித்துவிடுங்கள்.

சென்சரில் முதலில் போவது விசிறி. பிறகு பச்சை பிடித்த கனெக்டர். வாயைக் கீழ்நோக்கி வையுங்கள், துருப்பிடிக்காத ஆணி போடுங்கள், சாப்பாட்டுக்கடைப் புகையிலிருந்து தள்ளி மாட்டுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு சென்சர் வைத்தால் ஒன்று தளர்வது உடனே தெரியும், விலையும் பெரிதில்லை.